உள்ளே இருக்கும் பிளேட் துருப்பிடிக்காதா? – வாசகர் கேள்வி பதில்

எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட்டுகளைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்க இரண்டு ராத்திரி ஆனது. நான் டாக்டர் இல்லை, உலோகவியல் படித்தவன். நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த பிளேட், ஸ்க்ரூ, மூட்டுத் தலை இவற்றை நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்ப்பதுதான் 26 வருடமாக என் வேலை. அதனால் உலோகத்தைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். "ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?" என்று கேட்டவர்கள், தயவுசெய்து அதை உங்கள் அறுவை மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: அப்பாவின் தொடை எலும்பில் 11 வருடமாக ஸ்டீல் பிளேட் இருக்கிறது. ஸ்டீல் என்றாலே இரும்புதானே? உடம்புக்குள் உப்பும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. மழையில் நனைந்த இரும்புக் கேட் ஒரே வருடத்தில் துருப்பிடிக்கிறது. இது மட்டும் எப்படித் தாங்கும்? (ஒரு மகள்)

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. உலோகத்துக்கு மனித உடம்பு சுகமான இடமே இல்லை. 37 டிகிரிச் சூடு, எப்போதும் ஈரம், அதோடு உப்பில் இருக்கும் குளோரைடு. கடல்நீரில் இருக்கும் குளோரைடில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நம் ரத்தத்தில் இருக்கிறது. உலோகத்தை மூடிக் காக்கும் மெல்லிய படலத்தைத் துளைத்து உள்ளே இறங்குவதில் குளோரைடுக்கு இணை இல்லை.

அந்தப் படலம்தான் விஷயம். அப்பாவின் பிளேட் பெரும்பாலும் 316எல் என்ற ஸ்டீலாக இருக்கும். அதில் பெரும்பங்கு இரும்புதான், நீங்கள் சொன்னது சரி. ஆனால் கூடவே 17 முதல் 19 சதவீதம் குரோமியம் இருக்கிறது. ஆக்சிஜன் பட்டதுமே இந்தக் குரோமியம் மேற்பரப்பில் ஓர் ஆக்சைடு படலமாகப் படர்ந்துவிடும். அதன் தடிமன் இரண்டு மூன்று நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனை இருபதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. இரும்பின் துரு பொருபொருவென்று உதிரும், உள்ளே தண்ணீரை விடும். குரோமியத்தின் படலமோ தோல் மாதிரி இறுக்கமாக ஒட்டிக்கொண்டு எதையும் உள்ளே விடாது.

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு கீறலைத்தான். விரல்நுனி அளவு 316எல் துண்டு ஒன்றை, லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்ட 37 டிகிரித் தண்ணீரில் அமிழ்த்தி, மின்னோட்டம் அளக்கும் கருவியோடு இணைப்பேன். ட்ரிப்ஸில் ஏற்றும் சலைன் பாட்டிலிலும் உப்பு இதே அளவுதான். திரையில் கோடு தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருக்கும். வைர முனையால் துண்டின் மேல் ஒரே ஓர் இழுப்பு. கோடு விருட்டென்று செங்குத்தாக எழும், எழுந்த வேகத்திலேயே சரிந்து மறுபடி படுத்துக்கொள்ளும். எழுந்தபோது உலோகம் கரைந்தது, படுத்தபோது படலம் மூடிக்கொண்டது. அப்பா நடக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பிளேட்டில் எங்காவது இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. டைட்டானியத்தில் இதே கீறலைப் போட்டால் கோடு எழுவதைப் பார்க்கக்கூட நேரம் இருக்காது, அவ்வளவு வேகமாக மூடிக்கொள்ளும்.

குரோமியம் மட்டும் போதாது. குளோரைடு குத்தும் ஊசித்துளைகளைத் தடுக்க மாலிப்டினமும் வேண்டும். இம்பிளான்ட், அதாவது உடம்புக்குள் வைக்கும் பொருள், செய்யும் ஸ்டீலுக்கான தர விதியில் இதற்கு ஒரு கணக்கே உண்டு: குரோமியச் சதவீதத்தோடு, மாலிப்டினச் சதவீதத்தை 3.3 ஆல் பெருக்கிக் கூட்டினால் 26க்குக் குறையக் கூடாது. இந்தக் கணக்குக்கு வந்து சேரவே பல பத்தாண்டுகள் பிடித்தன. 1912-ல் ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் வனேடியம் ஸ்டீலில் பிளேட் செய்தார். வலு நன்றாகவே இருந்தது, ஆனால் உடம்புக்குள் அரித்துப்போனது. உள்ளே வைக்கும் உலோகத்துக்கு வலுவை விட மேல்தோல்தான் முக்கியம் என்பதை அந்த நோயாளிகளின் வலியிலிருந்துதான் நாம் கற்றுக்கொண்டோம்.

கேள்வி: ஆபரேஷன் தியேட்டரில் பயிற்சியில் இருக்கிறேன். கத்தரி, இடுக்கி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் என்கிறார்கள். ஆனால் ஆட்டோக்ளேவ் என்ற நீராவிக் கலனில் கிருமி நீக்கி வரும்போது மூட்டுப் பக்கம் பழுப்புப் புள்ளி தெரிகிறது. அப்படியானால் பிளேட்டும் அப்படித்தானே ஆகும்?

பதில்: இரண்டுக்கும் ஸ்டெயின்லெஸ் என்றுதான் பெயர், தம்பி, ஆனால் குடும்பம் வேறு. கத்தரிக்கு முனை மழுங்கக் கூடாது. அதற்குக் கடினம் வேண்டும், கடினத்துக்குக் கரிமம் வேண்டும். அதனால் 420 வகை ஸ்டீலில் கரிமத்தைக் கூட்டி, சூடாக்கிக் குளிரவைக்கிறார்கள். அதில் குரோமியமே 13 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அதிலும் ஒரு பங்கைக் கரிமம் பிடித்து வைத்துக்கொள்வதால் படலத்துக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. பிளேட்டுக்கான 316எல்-லில் கரிமம் 0.03 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெயரில் உள்ள 'எல்' அந்தக் குறைந்த கரிமத்தைத்தான் சொல்கிறது.

நீங்கள் பார்த்த புள்ளி மூட்டுப் பக்கம் வந்ததைக் கவனித்தீர்களா? அதைக் கவனித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஏன் அங்கே என்பது அடுத்த பதிலில் இருக்கிறது. இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். கருவிகளைச் சலைனில் ஊறவைக்காதீர்கள். ரத்தம் காய்வதற்குள் மூட்டைத் திறந்து கழுவுங்கள்.

கேள்வி: கணுக்காலில் வைத்த பிளேட்டை இரண்டு வருடம் கழித்து எடுத்தார்கள். நான் கேட்டதால் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பிளேட் பளபளவென்று இருக்கிறது. ஆனால் ஸ்க்ரூ உட்காரும் ஓட்டைகளைச் சுற்றி மட்டும் கறுப்பாக வளையம் வளையமாக இருக்கிறது. எனக்கு மட்டமான உலோகத்தை வைத்துவிட்டார்களா?

பதில்: உங்கள் பிளேட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வளையங்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வளையம் இருக்கிறது என்பதற்காக மட்டும் உலோகம் மட்டம் என்று சொல்ல முடியாது. நல்ல ஸ்டீலிலும் அது வரும்.

முதல் பதிலில் சொன்ன கீறல் சோதனைக்கு வாருங்கள். அதே துண்டின் மேல் ஒரு ரப்பர் வளையத்தை இறுக்கமாக மாட்டிவிட்டு, அடியில் ஒரு கீறலோடு காத்திருந்தால் கதை மாறும். கோடு எழுகிறது, சரிய மறுக்கிறது. காரணம் இதுதான். படலம் மூட ஆக்சிஜன் வேண்டும். வளையத்துக்கு அடியில் உள்ள சின்ன இடுக்கில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, புதிதாக உள்ளே வர வழி இல்லை. கரைந்த உலோக அயனிகள் தண்ணீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அயனிகளின் மின்னேற்றத்தை ஈடுகட்ட வெளியிலிருந்து குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. அமிலம் கூடினால் இறங்கும் பி.எச். அளவு, வெளியே 7.4 ஆகச் சாதுவாக இருக்கும்போதே, இடுக்குக்குள் 3, 2 என்று இறங்கிவிடும். அமிலம் கூடக் கூட இன்னும் உலோகம் கரையும், கரையக் கரைய இன்னும் அமிலம். இடுக்கு அரிமானம் என்பது இதுதான். நம் தியேட்டர் தம்பியின் கத்தரி மூட்டில் நடந்ததும் இதே.

ஸ்க்ரூவின் தலையும் பிளேட்டின் ஓட்டையும் சேரும் இடம் இந்த இடுக்குக்கு அச்சான உதாரணம். போதாததற்கு, நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஸ்க்ரூத் தலை அந்தக் கிண்ணத்தில் மைக்ரான் கணக்கில் உரசுகிறது. உரசல் படலத்தைச் சுரண்டுகிறது, இடுக்கு அதை ஆறவிடாமல் தடுக்கிறது. ஒன்று அடிக்க, மற்றது கையைப் பிடித்துக்கொள்கிற கதை. பிளேட்டின் வெட்டவெளிப் பரப்பு இரண்டு வருடத்துக்குப் பிறகும் பளபளப்பாக இருப்பதும், ஓட்டைகளில் மட்டும் வளையம் வந்திருப்பதும் இதனால்தான்.

ஸ்க்ரூ தளர்வாக இருந்தால் உரசல் கூடும். எலும்பு சேராமல் இழுத்துக்கொண்டே போனால் இன்னும் கூடும். பிளேட்டை எலும்பின் வளைவுக்கு ஏற்ப முன்னும் பின்னும் வளைத்திருந்தால் அந்த இடமும் பலவீனமாகும். ஒருமுறை, இரண்டாக முறிந்த தொடை எலும்புப் பிளேட் ஒன்று மேஜைக்கு வந்தது. முறிவு சரியாக ஒரு ஸ்க்ரூ ஓட்டையின் ஓரத்தில் தொடங்கியிருந்தது. 200 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த ஓரத்தில் ஊசிமுனை அளவுகூட இல்லாத ஒரு குழி. அதிலிருந்து கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வரிவரியாக விரிசல் முன்னேறிய தடம். ஒரே நாளில் விழுந்து முறிந்ததல்ல அது. மாதக்கணக்கில், ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முறிந்தது. அந்த மனிதர் அத்தனை மாதமும் "வலிக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்தக் குழியைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

டப்பாவை எறிந்துவிடாதீர்கள். ஆனால் அந்தப் பிளேட்டை யாருக்கும் மறுபடி பொருத்த எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். கழுவினாலும், கொதிக்கவைத்தாலும், பாலிஷ் போட்டாலும் அந்த வளையத்தின் அடியில் உள்ள குழி போகாது.

கேள்வி: எக்ஸ்ரேயைப் பார்த்தபோது டாக்டர் மேஜை மேல் இருந்த சாம்பிள் பிளேட்டைக் காட்டினார். தங்க நிறம். ஸ்க்ரூ நீலம், பச்சை. இந்தச் சாயம் உடம்புக்குள் கரைந்து ரத்தத்தில் கலக்காதா?

பதில்: சாயமே இல்லை. அது டைட்டானியத்தின் சொந்த ஆக்சைடு. இயல்பாக சில நானோமீட்டர் இருக்கும் படலத்தை, ஒரு கரைசலில் வைத்து மின்சாரம் கொடுத்துக் கொஞ்சம் தடிமனாக்குவார்கள். படலத்தின் மேலிருந்தும் அடியிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் நிறம் தெரிகிறது. தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் வண்ணங்கள் தெரியுமே, அதே இயற்பியல். மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்றத் தடிமன் கூடும், நிறமும் மாறும். நெருக்கடியில் சரியான ஸ்க்ரூவைச் சட்டென்று எடுக்க, அளவுக்கு ஒரு நிறம் வைக்கிறார்கள். உராய்ந்த இடத்தில் நிறம் போகலாம், அங்கேயும் உலோகத்தை மூடிய மெல்லிய படலம் இருக்கத்தான் செய்யும்.

கேள்வி: வலது காலில் டைட்டானியம் ராடு. இடது காலில் பழைய ஸ்டீல் பிளேட். இரண்டு வேறு உலோகம் உப்புத்தண்ணீரில் இருந்தால் பேட்டரி ஆகிவிடும் என்று பள்ளியில் படித்த ஞாபகம். என் உடம்புக்குள் கரண்ட் ஓடுகிறதா?

பதில்: ஓடவில்லை. பேட்டரிக்கு உப்புத்தண்ணீர் மட்டும் போதாது, இரண்டு உலோகத்தையும் உலோகத்தாலேயே இணைக்கும் ஒரு கம்பி வேண்டும். உங்கள் இரண்டு காலுக்கும் நடுவே அப்படி ஒன்றும் இல்லை. நிம்மதியாக இருங்கள்.

ஆனால் பள்ளிப் பாடம் பொய்யில்லை. இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் கதை வேறு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் லாம்போட் என்ற பெல்ஜிய அறுவை மருத்துவர், முறிந்த காலில் மெக்னீசியம் பிளேட்டை வைத்து, தங்கமுலாம் பூசிய ஸ்டீல் ஆணிகளால் பொருத்தினார். எட்டே நாளில் பிளேட் சிதைந்துபோனது. தோலுக்கு அடியில் வாயு சேர்ந்து உப்பியது. மெக்னீசியம் கரையத் துடிக்கும் உலோகம், ஸ்டீலும் தங்கமும் அதைக் கரையவைக்கும் உலோகங்கள். அதைவிடப் பொருந்தாத ஜோடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1937-ல் வெனபிள், ஸ்டக், பீச் என்ற மூவர் விலங்குகளின் எலும்பில் வெவ்வேறு உலோகங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்து, கலப்பதால் வரும் கேட்டைக் கணக்காக எழுதி வைத்தார்கள். ஸ்டீல் பிளேட்டுக்கு ஸ்டீல் ஸ்க்ரூ, டைட்டானியத்துக்கு டைட்டானியம் என்று மருத்துவர்கள் பிடிவாதமாக இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது. டைட்டானியத்தையும் கோபால்ட்-குரோமியத்தையும் இடுப்பு மூட்டில் சேர்த்து வைக்கிறார்கள். இரண்டின் படலமும் உறுதியானது என்பதால் அது பெரும்பாலும் தாங்குகிறது. ஏன் 'பெரும்பாலும்' என்கிறேன் என்பதைக் கீழே பாருங்கள்.

கேள்வி: இடுப்பு மூட்டு மாற்றி ஏழு வருடம் ஆகிறது. ரத்தத்தில் கோபால்ட் அளவு பார்க்கச் சொல்கிறார்கள். மூட்டு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு?

பதில்: என் அம்மாவுக்கும் இடுப்பு மூட்டு மாற்றியிருக்கிறது. தலைப்பகுதி கோபால்ட்-குரோமியம், தண்டு டைட்டானியம், கிண்ணத்தில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அதனால் இந்தக் கேள்வியை வீட்டில் இருப்பவனாகவே பதில் சொல்கிறேன்.

தலையும் கிண்ணமும் இரண்டுமே உலோகமாக இருந்த ஒரு வகை மூட்டு, ஒருகாலத்தில் பெரிதாகப் பரவியது. அதில் பரப்போடு பரப்பு தேயும்போது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கோடிக்கணக்கில் கிளம்பின. அவை சுற்றியுள்ள தசையைக் கறுக்கவைத்தன, சிலருக்குக் கட்டி மாதிரி வீக்கத்தைக் கொண்டுவந்தன. 2010-ல் பிரிட்டனின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பு, ரத்தத்தில் கோபால்டோ குரோமியமோ லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று அறிவித்தது. உங்கள் மூட்டு அந்த வகையா என்று முதலில் கேளுங்கள்.

அந்த வகை இல்லாவிட்டாலும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது. தலைப்பந்து தண்டின் கழுத்தில் கூம்பு மாதிரிச் செருகப்படுகிறதே, அந்த இடம். ஸ்க்ரூ ஓட்டையில் சொன்ன அதே இடுக்கு, அதே உரசல், ஆனால் உடம்பின் முழுப் பாரமும் அதன் மேல். செருகும்போது கூம்பில் ஒரு துளி ரத்தமோ எலும்புத் துணுக்கோ மாட்டிக்கொண்டால் பிடிமானம் குறைந்து உரசல் கூடும். அதனால்தான் துடைத்து, உலர்த்தி, சுத்தியலால் ஓங்கித் தட்டிப் பொருத்துகிறார்கள். இங்கிருந்து வரும் தொல்லையில் குரோமியத்தை விடக் கோபால்ட் ரத்தத்தில் தூக்கலாகத் தெரியும். இப்போது பல இடங்களில் பீங்கான் தலைக்கு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மாவிடம் நான் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: "தொடையும் அடிவயிறும் சேர்கிற இடத்தில் புதுசா வலி ஏதாவது இருக்காம்மா?" நீங்களும் அதைக் கவனியுங்கள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பிளேட் வைத்த இடத்தில் ஒரே அரிப்பு. உலோகம் 'அரிக்கிறது' என்று நீங்கள் எழுதியது இதைத்தானா?

பதில்: தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் வந்த குழப்பம். உங்களுடையது தோலின் நமைச்சல். அது ஆறும் தழும்பாலும் வரலாம். 316எல்-லில் 13 முதல் 15 சதவீதம் நிக்கல் இருக்கிறது, அதில் மிகச் சிறிதளவு வெளியே கசியும். நிக்கல் கலந்த கவரிங் நகை போட்டால் தோல் தடிக்கிறவர் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பலருக்கும் உள்ளே ஸ்டீல் ஒன்றும் செய்வதில்லை, ஆனாலும் டாக்டர் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கேள்வி: தானாகக் கரைந்துவிடும் ஸ்க்ரூ வந்திருக்கிறதாமே?

பதில்: ஆமாம், மெக்னீசியக் கலவை. லாம்போட்டைத் தோற்கடித்த அதே உலோகம். இப்போது வேறு தனிமங்கள் சேர்த்து, கரையும் வேகத்தை அடக்கியிருக்கிறார்கள். ஒரு கிராம் மெக்னீசியம் கரைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வரும். அது திசு உறிஞ்சும் வேகத்துக்குள் வந்தால் சரி. அதனால் சின்ன எலும்புகளுக்குச் சின்ன ஸ்க்ரூவாகத்தான் இது முதலில் வந்தது. எதிரியாகப் பார்த்த அரிமானத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த ஆராய்ச்சி.

கேள்வி: உள்ளே இருக்கும் பிளேட்டைப் பராமரிக்க நான் என்ன செய்ய வேண்டும்? உப்பைக் குறைக்கட்டுமா?

பதில்: பிளேட்டுக்காக உப்பைக் குறைக்க வேண்டாம். நீங்கள் கூடச் சாப்பிட்டாலும் குறையச் சாப்பிட்டாலும் ரத்தத்தின் குளோரைடைச் சிறுநீரகம் ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கும். வெளியிலிருந்து அந்தப் படலத்துக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. வலியே இல்லாமல் இருந்த இடத்தில் புதிதாக வலி, வீக்கம், நீர்க்கசிவு எது வந்தாலும் போய்க் காட்டுங்கள், எக்ஸ்ரே எடுக்கட்டும்.

இன்னொன்று செய்யலாம். இம்பிளான்ட் பெட்டியில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். பொருளின் பெயர், அளவு, தயாரிப்புத் தொகுதி எண் அதில் இருக்கும். பல பெட்டிகளில் எந்த உலோகம் என்பதும் அச்சாகியிருக்கும், இல்லாவிட்டால் டாக்டரிடம் கேட்டு அதன் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது அதைக் காட்டலாம். பத்து வருடம் கழித்து வேறு ஓர் ஊரில், வேறு ஒரு மருத்துவர் அதே காலைத் திறக்க நேர்ந்தால், உள்ளே இருப்பது ஸ்டீலா டைட்டானியமா, எந்த ஸ்க்ரூடிரைவர் வேண்டும் என்பதை அந்த ஒரு துண்டுக் காகிதம் சொல்லிவிடும்.